ஃபேஸ் 1, ஃபேஸ் 2... கூட்டிப் பார்ப்பது யார்?

செஞ்சிக்கு அருகே தளவானூர்க் குன்றில் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த சத்ருமல்லேஸ்வரம் கோயில் இருக்கிறது. மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னம் என்பதால் அதன் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் இன்னொரு 200 மீட்டருக்குள் கட்ட அனுமதி வாங்க வேண்டும். சரி, அதற்கும் அப்பால் இருக்கும் ஏரிக்கும் ஓடைக்கும் மணிலாக் கொல்லைக்கும் யார் காவல்?

இந்தக் கேள்விக்கு இப்போது அவசரம் கூடியிருக்கிறது. 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மராட்டியர் காலக் கோட்டைகள் 12-ல் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருக்கும் ஒரே கோட்டை இதுதான். ஊருக்குப் பெயர் வந்தால் ரோட்டோர நிலத்துக்கும் மவுசு வரும். பின்னாலேயே மனைப்பிரிவு வரும், அதுவும் 'ஃபேஸ் 1', 'ஃபேஸ் 2' என்று தவணை முறையில்!

2006-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, 20,000 சதுர மீட்டர், அதாவது சுமார் 2.15 லட்சம் சதுர அடி கட்டடப் பரப்பைத் தொட்டால் சுற்றுச்சூழல் அனுமதி தேவை. நகரியம், மனைப்பிரிவு என்றால் 50 ஹெக்டேர், நம் கணக்கில் 123 ஏக்கர் சொச்சம். ஒரு பேச்சுக்கு, 80 ஏக்கர் வீதம் மூன்று கட்டமாக ஒரு நகர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் வரம்பைத் தொடாது. கூட்டினால் 240 ஏக்கர். ஒரே திட்டத்தைப் பிரித்துக் காட்டக் கூடாதுதான். ஆனால் ஆண்டுகள் இடைவெளி விட்டு, வேறு வேறு பெயரில் வந்தால் கூட்டிப் பார்ப்பது யார்?

ஏரிக்கு இந்தப் பிரிவினையெல்லாம் தெரியாது. மேட்டில் 80 ஏக்கர் சிமென்ட் ஆனால் மண்ணில் இறங்க வேண்டிய மழை ஓடிவிடும். அடுத்த கட்டத்தில் வரத்துக் கால்வாய் மேல் ரோடு வரும். மூன்றாவதில் போர்வெல்கள் பெருகும், கழிவுநீர் ஓடைக்கு வரும். பாதிப்பும் செஞ்சியோடு நிற்காது. செஞ்சி மலைகளில் பெய்யும் மழைதான் சங்கராபரணி ஆறாகி, வீடூர் அணை வழியாகப் புதுச்சேரி போகிறது.

இதே விழுப்புரம் மாவட்டத்தில் இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 1968 பிப்ரவரி 28-ல் தொடங்கப்பட்ட ஆரோவில், அப்போது மரமில்லாத செம்மண் மேடு. பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ரோஜர் ஆஞ்சே வரைந்த திட்டப்படி 50,000 பேருக்கான நகரம். அரை நூற்றாண்டு கழித்தும் அங்கே குடியிருப்பவர்கள் சில ஆயிரம் பேர்தான். நகரத்தைவிட வேகமாக வளர்ந்தது அவர்கள் நட்ட காடு!

திட்டத்தில் இருந்த 'கிரவுன் ரோடு' வட்டச் சாலைக்காக 2021 டிசம்பரில் மரங்களை வெட்ட ஜே.சி.பி. வந்தது. பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இடைக்காலத் தடை விதித்தது. 2022 ஏப்ரல் தீர்ப்பில், நகரத் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வாங்கச் சொன்னது. 2025 மார்ச் 17-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பெருந்திட்டம் 2006 அறிவிக்கைக்கு முன்பே ஒப்புதல் பெற்றது, தீர்ப்பாயத்துக்கு இதில் அதிகாரம் இல்லை, வளர்ச்சிக்கான உரிமையும் சுற்றுச்சூழல் உரிமைக்கு இணையாக மதிக்கப்பட வேண்டும் என்றது. சட்டப்படி வழக்கு முடிந்தது. ஆனால் முழு நகரமும் எழும்பினால் நிலத்தடி நீர் என்னவாகும் என்ற கேள்வி அந்தத் தீர்ப்போடு தீரவில்லை.

லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் பூங்கா வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2006-ல் வேறு வழி காட்டியது. அனுமதி இரண்டு கட்டமாகத் தரப்பட்டால், முதல் கட்டத்தில் தெரியாத பாதிப்பு பிறகு தெரியவரும்போது அப்போதும் மதிப்பீடு செய்ய வேண்டும் என்றது. நியாயமான ஏற்பாடு.

நம் அறிவிக்கையில் இன்னொரு ஓட்டை. சுரங்கம், ஆலை போன்ற பல திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் உண்டு. கட்டுமானத்துக்கும் நகரியத்துக்கும் பொதுவாக அதிலிருந்து விலக்கு! பக்கத்து ஊர்க்காரருக்கு விஷயம் தெரிவதே வேலி போட்ட பிறகுதான்.

அதற்கு முன்பே பார்க்க வழி இருக்கிறது. வி.ஏ.ஓ.விடம் உள்ள 'அ' பதிவேட்டிலும் புல வரைபடத்திலும் ஏரி, ஓடை, வாய்க்கால் புறம்போக்குகள் சர்வே எண்ணோடு இருக்கும். மனைப்பிரிவு வரைபடத்தை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அடுத்த கட்டங்கள் எத்தனை ஏக்கர் என்று கிராம சபையில் கேட்டு, பதிலைத் தீர்மானத்தில் பதிய வைக்கலாம். அனுமதிக்கு விண்ணப்பித்த திட்டங்களின் ஆவணங்கள் மத்திய அரசின் 'பரிவேஷ்' தளத்தில் கிடைக்கின்றன. அனுமதி தரப்பட்டால் 30 நாட்களுக்குள் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள் வரை அவகாசம் கிடைக்கும். அதைத் தாண்டினால் மனுவை ஏற்க மாட்டார்கள்.