எங்கள் ஸ்டோர்ஸ் அண்ணா

டோம்பிவிலி, கல்யாண் பக்கத்து நம் சங்க அன்பர்கள் பலருக்கும் தெரிந்த நண்பர் ஒருவர் சென்ற ஆடி மாதம் மாரடைப்பால் காலமானார். வயது 51. பெயரை அச்சிட வேண்டாம் என்று அவருடைய மனைவி கேட்டுக்கொண்டதால் குறிப்பிடவில்லை. ஆனால் இரண்டு பத்தி படிப்பதற்குள் யாரென்று பலருக்கும் புரிந்துவிடும்.

குர்லாவில் ஒரே கம்பெனியில் அவரும் நானும் 22 ஆண்டுகள் வேலை பார்த்தோம். அவர் ஸ்டோர்ஸ், நான் கணக்குப் பிரிவு. மராட்டியர், குஜராத்தி, பிஹாரி யாரானாலும் அவரை ‘அண்ணா’ என்றுதான் கூப்பிடுவார்கள். மும்பையில் தென்னாட்டவர் எல்லோருமே அண்ணாதான். இவரைக் கூப்பிடும் குரல் மட்டும் வேறு மாதிரி இருக்கும். காலை லோக்கலில் மராட்டி பஜனை கோஷ்டியோடு நின்றபடியே ஜால்ரா தட்டிக்கொண்டு வருவார். பாதி வார்த்தைகளுக்கு அர்த்தம் தெரியாது; தாளம் தப்பாது.

கல்யாணமான பையன் யாராவது இனிப்பு கொண்டுவந்தால், ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டே, “பி.எஃப். நாமினேஷன் மாத்தியாச்சா தம்பி?” என்பார். குடும்பம் இல்லாத காலத்தில் அண்ணன் தம்பி பெயரில் கொடுத்த நாமினேஷன் கல்யாணம் ஆனதும் செல்லாது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? நல்ல நாளில் இதென்ன பேச்சு என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அவர் விடமாட்டார்.

அவருடைய பீரோவில் ஒரே கோப்பில் எல்லாம் இருந்தன. பி.எஃப். பணத்துக்குப் படிவம் 20, ஓய்வூதியத்துக்கு 10-டி, காப்பீட்டுக்கு 5-ஐ.எஃப். என்று தன் கையெழுத்திலேயே மனைவிக்குத் தமிழில் குறித்து வைத்திருந்தார். (இப்போது மூன்றையும் ஒரே கூட்டுப் படிவமாகவே கொடுக்கலாம்.) பணியில் இருக்கும்போது இறந்தால் கிடைக்கும் இ.டி.எல்.ஐ. காப்பீட்டுத் தொகை 2021 முதல் அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய். மனைவிக்கு மாத ஓய்வூதியம் உண்டு. இரண்டு பிள்ளைகளுக்கு 25 வயதுவரை, அதில் கால் பங்கு வீதம் தனியாக உண்டு. எனக்குப் படிவங்களைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைதான் மிச்சம்.

திருநெல்வேலிப் பக்கம் பிறந்த வீட்டுக் கோடி வந்தாக வேண்டும். மைத்துனர் திருவனந்தபுரம் போய் விமானம் பிடித்து மறுநாள் வந்து சேர்ந்தபோது, கையில் ஒரு பையைத் தவிர ஒன்றுமில்லை. விஷயம் கேள்விப்பட்டு, ஸ்டோர்ஸில் அவருக்குக் கீழே வேலை பார்த்த மராட்டிய நண்பர் காலையிலேயே மாட்டுங்கா போய்ப் புடவை வாங்கி வைத்திருந்தார். யாரும் பார்க்காமல் அதை மைத்துனர் கையில் கொடுத்துவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டார்.

துக்க வீட்டில் நான் கேட்டு வருந்திய பேச்சு ஒன்று உண்டு. வந்தவர்களில் பாதிப்பேர், “இங்கே இனி யார் இருக்கா? பேசாம ஊருக்கு வந்துடும்மா” என்றார்கள். அன்பில்தான் சொன்னார்கள். ஆனால் அந்த அம்மா இங்கே வந்து 24 வருஷம் ஆகிறது. மகன் பன்னிரண்டாம் வகுப்பு, மகள் என்ஜினீயரிங் இரண்டாம் ஆண்டு. ஊரில் பூட்டிக்கிடக்கும் பங்கு வீடு ஒன்று, அவ்வளவுதான். பிணம் எடுத்த ஈரம் காயாத வீட்டில் போகவா இருக்கவா என்று முடிவு கேட்பது நியாயமா? அவர் எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னார்: “பையன் பரீட்சை முடியட்டும்.”

பதினாறாம் நாளன்று ஆபீஸ் பையன்கள் சிலர் வந்திருந்தார்கள். தமிழ்ப் பிள்ளைகள்தான், ஆனால் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். கிளம்பும்போது, “வரோம் ஆன்ட்டி” என்று சொல்லிவிட்டார்கள். துக்க வீட்டில் சொல்லாமல் எழுந்து போவதல்லவா நம் வழக்கம்? பெரியவர்கள் பதறிப் போனார்கள். அந்த அம்மா மட்டும் நிமிர்ந்து பார்த்து, “சொல்லட்டும். வரட்டும்” என்றார்.

பையன்கள் வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவர் மாற்றி ஒருவராகப் போய் மகனுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறார்கள். நம் அன்பர்கள் பார்க்கப் போவதானால், மாலை ஏழு மணிக்கு மேல் போகலாம். அப்போதுதான் மூவரும் வீட்டில் இருப்பார்கள்.