பிக்கப்பா, எஸ்.யு.வி.யா? வயலுக்கு வண்டி வாங்கும் முன் கணக்குப் போடுங்கள்

சம்பா நெல் விற்ற பணம் கைக்கு வந்ததும் வயல்வெளிப் பள்ளிகளில் தவறாமல் ஒரு கேள்வி வருகிறது: "வயலுக்கும் போகணும், குடும்பத்தோடவும் போகணும். பிக்கப் வாங்கலாமா, பெரிய ஜீப் மாதிரி வண்டி வாங்கலாமா?" விளம்பரத்தில் இரண்டுமே மலையேறுகின்றன. நமக்கு மலை இல்லை. களிமண்ணும் ஆற்றங்கரைச் சாலையும் கொள்முதல் நிலையத்தில் கழியும் இரவுகளும்தான் இருக்கின்றன. அதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

முதலில் சுமை

ஏக்கருக்கு 60 கிலோ மூட்டையில் 30 மூட்டை விளைந்தால் 1,800 கிலோ. கொள்முதல் நிலையத்தின் 40 கிலோ சிப்பத்தில் இது 45 சிப்பம். ஒன்றரை டன் ஏற்றும் பிக்கப்பில் ஒரு நடைக்கு 37 சிப்பம் போகும். முக்கால் டன் ஏற்றும் 'குட்டி யானை' வகை வண்டியில் 18 சிப்பம்தான். எஸ்.யு.வி.யில் பின் இருக்கையை மடக்கினாலும், ஆட்களையும் சேர்த்து அரை டன்னைச் சுற்றியே தாங்கும். விதை, உரம், தெளிப்பான் கொண்டு போக அது போதும், நெல்லுக்கு ஆகாது.

விற்பனையாளர் சொல்லும் எடையை நம்ப வேண்டாம். பதிவுச் சான்றிதழில் உள்ள மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழியுங்கள். மீதிதான் ஆளும் சரக்கும் சேர்த்து ஏற்றக்கூடிய எடை. நான்கு கதவு வைத்த சொகுசு பிக்கப்களில் இந்த மீதி நினைப்பதைவிடக் குறைவாக இருக்கும்.

சேற்றில் எது போகும்?

குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையின் வாசலில் வருகிறது. சம்பா அறுவடையையும் மழை விட்டுவைப்பதில்லை. 2023 பிப்ரவரி தொடக்கத்தில் பெய்த பருவம் தவறிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நனைந்த களிமண் டயர் பட்டன் இடுக்கை அடைத்து, டயரை வழுவழுப்பாக்கிவிடும்.

சாதாரண பிக்கப்பில் இன்ஜின் எடை முன்னால், இழுப்பது பின் சக்கரம். காலியாக இருக்கும்போது பின்பக்கம் லேசாகி, சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். சுமை இல்லாத நாளில் பின் அச்சுக்கு மேலே நான்கைந்து மணல் மூட்டைகளை நகராமல் கட்டி வைத்தால் பிடிப்பு கிடைக்கும். 4 வீல் டிரைவ் உள்ள வண்டி, அது எஸ்.யு.வி.யானாலும் பிக்கப்பானாலும், இதில் நன்றாக உதவும். ஆனால் டிராக்டர் போன ஆழமான தடத்தில் அடிப்பகுதி தரையில் உட்கார்ந்துவிட்டால் எந்த டிரைவும் உதவாது.

எளிய சோதனை ஒன்று: இறங்கி நடந்து பாருங்கள். செருப்பு மண்ணோடு ஒட்டிக்கொண்டு வந்தால் வண்டியை மேட்டிலேயே நிறுத்துங்கள். மீதியை டிராக்டர் பார்த்துக்கொள்ளும். வெண்ணாறு, குடமுருட்டி, கல்லணைக் கால்வாய்க் கரைகளில் மழைக்குப் பிறகு ஓரத்து மண் இளகியிருக்கும். சுமையோடு ஓரம் ஒதுங்காதீர்கள். பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால் எந்த வண்டியாக இருந்தாலும் திரும்பிவிடுங்கள்.

ஆளை ஏற்றும் முன்

நடவு, களையெடுப்பு நாட்களில் பிக்கப்பின் பின்னால் பெண்களை நிற்கவைத்து அழைத்துப் போவது நம் பகுதியில் சாதாரணமாகிவிட்டது. சரக்கு வண்டியின் தொட்டியில் ஆளை ஏற்றுவது சட்டப்படி குற்றம். வண்டி கவிழ்ந்தால் பின்னால் இருந்தவர்களுக்கான இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் மறுக்கலாம். பொறுப்பு உரிமையாளர் தலையில் விழும். எனக்குத் தெரிந்த ஒரு விவசாயி, அப்படி ஒரு விபத்துக்குப் பின் இரண்டு ஏக்கரை விற்றார். கால் முறிந்த அம்மா இன்றுவரை வயலில் இறங்கவில்லை. ஆட்களை அடிக்கடி அழைத்துவர வேண்டியிருந்தால், அதற்கு இருக்கை உள்ள வண்டிதான் வேண்டும்.

மஞ்சள் பலகை பிக்கப்புக்கு 8 ஆண்டுகள் வரை 2 ஆண்டுக்கு ஒருமுறையும், பிறகு ஆண்டுதோறும் தகுதிச் சான்று எடுக்க வேண்டும். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாவிட்டால் பெர்மிட் தேவையில்லை. எல்.எம்.வி. உரிமம் உள்ளவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துள்ளது. வெள்ளைப் பலகை எஸ்.யு.வி.யில் அடுத்தவர் நெல்லை வாடகைக்கு ஏற்றக் கூடாது.

இரவு தங்கும்போது

கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு இரவெல்லாம் காவல் கிடப்பவர்களுக்கு வண்டிதான் வீடு. நெல் இருக்கும் இடத்துக்கு எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவரைத்தான் அதிகம் கடிக்கிறது. வலி தெரியாமல்கூட இருக்கும். பிக்கப்பில் தொட்டிக்கு மேல் தார்ப்பாய் கட்டி, கொசுவலையோடு மேலே படுங்கள். வண்டிக்கு அடியிலோ குவியல் ஓரத்திலோ படுக்காதீர்கள். இருட்டில் பின்னால் வரும் லாரிக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். கடி என்று சந்தேகம் வந்தாலே கட்டுப் போடாமல், கீறாமல், 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

எஸ்.யு.வி.யில் உள்ளே படுக்கலாம். ஆனால் கண்ணாடியை ஏற்றி, இன்ஜினை ஓடவிட்டு, ஏ.சி. போட்டுத் தூங்கவே கூடாது. உள்ளே கசியும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். இன்ஜினை நிறுத்தி, கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கி வையுங்கள்.

எப்படி முடிவெடுப்பது?

குறுவை, சம்பா இரண்டு பருவத்துக்கும் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எத்தனை நாள் அரை டன்னுக்கு மேல் ஏற்றினோம், எத்தனை நாள் நான்கு பேருக்கு மேல் போனோம், எத்தனை நாள் சேற்றில் இறங்கினோம்? சுமை நாட்கள் அதிகம் என்றால் பிக்கப். ஆள் நாட்கள் அதிகம் என்றால் எஸ்.யு.வி.; நெல்லுக்கு வாடகை வண்டி. வீட்டில் டிராக்டரும் டிரெய்லரும் இருந்தால் பிக்கப்பின் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

ஐந்து ஏக்கருக்குக் கீழ் உள்ளவர்களுக்கு என் பதில் வேறு. ஆண்டில் பத்துப் பதினைந்து நாள் வேலைக்காக ஏழு ஆண்டு தவணை கட்ட வேண்டாம். உழவர் உற்பத்தியாளர் குழுவில் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு பிக்கப் வாங்குங்கள். யார், எந்த நாள், டீசல் யாருடையது என்று முதலிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பருவம் மழையில் போனாலும் தவணை நிற்காது. வண்டியைப் பார்க்கும் முன் அந்த ஒரு பருவத்தை நினைத்துப் பாருங்கள்.