கயிறாய் முறுக்கிய புரதம்

தோலையும் எலும்பையும் தசைநாரையும் இழுத்துப் பிடித்திருக்கும் புரதம் கொலாஜன். அதன் ஒரு சங்கிலியில் சுமார் 1,000 அமினோ அமிலங்கள் சரமாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. இந்த வரிசைதான் புரத அமைப்பின் முதல் நிலை. சங்கிலி இடப்புறமாகச் சுருள்வது இரண்டாம் நிலை. அப்படிச் சுருண்ட மூன்று சங்கிலிகள் சேர்ந்து வலப்புறமாக முறுக்கிக்கொண்டு கயிறாகின்றன.

கயிற்றின் நடுவே இடம் மிகக் குறைவு. அமினோ அமிலங்களிலேயே சிறியதான கிளைசின் மட்டுமே அங்கு அடங்கும்; அதனால்தான் வரிசையில் ஒவ்வொரு மூன்றாம் இடமும் அதற்கே. அந்தக் கிளைசின்களில் ஒன்று மாறினாலும் எலும்புகள் எளிதில் முறியும் நோய் வரலாம்.

கொலாஜனில் இருப்பவை மூன்று சங்கிலிகள் என்று 1954-இல் சொன்னவர்கள், நம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். கயிற்று முறுக்கை 1955-இல் சேர்த்தார்கள். அவர்கள் ஆராய்ந்த இழைகளில் கங்காரு வாலின் தசைநாரும் உண்டு!