கணையமும் மரச்சீனிக் கிழங்கும்

நாம் உண்ட உணவு எங்கே போகிறது, என்னவாகிறது என்பதெல்லாம் பள்ளிப் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் அந்தப் பாடத்தில் வரும் கணையம் என்ற உறுப்பைத் தாக்கும் ஒரு நோயைப் பற்றி உலக மருத்துவர்கள் நம் திருவனந்தபுரத்திலிருந்துதான் நிறையக் கற்றுக்கொண்டார்கள். இங்கேயே பல தலைமுறையாக வாழும் நம்மில் பலருக்கு இது தெரியாது. அதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம்மூர்ச் சாப்பாட்டையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் சாப்பிடுகிறார். (நாஞ்சில் நாட்டார்க்கு மரச்சீனி; மற்றத் தமிழர்க்கு மரவள்ளி, குச்சிக்கிழங்கு; மலையாளிகளுக்குக் கப்பை.) வாயில் பல் அரைக்க, உமிழ்நீரிலுள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுப்பொருளை உடைக்கத் தொடங்குகிறது. நன்றாக மென்றால் கிழங்கு லேசாக இனிக்கும், காரணம் இதுதான். பிறகு சுமார் 25 செ.மீ. நீளமுள்ள உணவுக்குழாய் வழியாக, தசைகளின் அலை போன்ற அசைவால் தள்ளப்பட்டு, உணவு இரைப்பைக்குச் சேர்கிறது. அங்கே அமிலமும் பெப்சின் என்ற நொதியும் மீனிலுள்ள புரதத்தை உடைக்க ஆரம்பிக்கின்றன. சில மணி நேரத்தில் எல்லாம் கூழாகிவிடும்.

இத்தோடு செரிமானம் முடிந்துவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் பெரிய வேலை இனிமேல்தான். கூழ் கொஞ்சம் கொஞ்சமாக முன்சிறுகுடலுக்குள் வருகிறது. கல்லீரலில் சுரந்து பித்தப்பையில் சேர்ந்திருக்கும் பித்தநீர் அங்கே வந்து கொழுப்பைச் சிறு துளிகளாகச் சிதறடிக்கிறது. கூடவே கணையநீரும் வருகிறது.

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்காகப் படுத்திருக்கும் உறுப்பு. நீளம் சுமார் 15 செ.மீ.; எடை சுமார் 100 கிராம். இத்தனை சிறிய உறுப்பு நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்கும் மேலாக நீர் சுரக்கிறது. அந்த நீரிலுள்ள காரப்பொருள் இரைப்பையின் அமிலத்தைத் தணிக்கிறது. அதிலுள்ள நொதிகள் மாவு, புரதம், கொழுப்பு மூன்றையும் உடைக்கின்றன. அதற்குப் பின்னரே சுமார் 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடல் அவற்றை உறிஞ்சி இரத்தத்துக்கு அனுப்ப முடியும். மிச்சத்திலிருந்து நீரை உறிஞ்சிக்கொள்வது பெருங்குடலின் வேலை. கணையத்துக்கு இன்னொரு உத்தியோகமும் உண்டு. அதிலுள்ள சிறு திட்டுகள் இன்சுலினைச் சுரந்து நேரே இரத்தத்தில் விடுகின்றன.

புரதத்தை உடைக்கும் நொதி, புரதத்தாலான கணையத்தையே ஏன் தின்றுவிடுவதில்லை? இயற்கை இதற்கு வழி வைத்திருக்கிறது. டிரிப்சின் என்ற அந்த நொதி உறங்கும் நிலையில்தான் கணையத்தை விட்டுப் புறப்படும். குடலுக்கு வந்த பிறகே விழித்துக்கொள்ளும். வழியில் தப்பித்தவறி விழித்துவிட்டால் அடக்கிவைக்கக் கணையத்திலேயே ஒரு காவல் புரதமும் உண்டு. இந்தக் காவலாளியைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இனி நம் நகரத்துக்கு வருவோம். 1951-இல் தொடங்கிய திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் பி.ஜே. கீவர்கீஸ், ஒரு விசித்திரமான நோயாளிக் கூட்டத்தைக் கவனித்தார். பெரும்பாலும் ஏழைகள், மெலிந்தவர்கள், இளவயதினர். மதுப்பழக்கமும் இல்லை. சின்ன வயதிலேயே விட்டுவிட்டு வயிற்றுவலி. சில ஆண்டுகளில் சர்க்கரை நோய். எக்ஸ்ரே எடுத்தால் கணையத்தின் குழாயில் சுண்ணாம்புக் கற்கள்! கல் அடைத்தால் செரிமான நீர் குடலுக்கு வராது. கொழுப்பு செரிக்காமல் மலம் எண்ணெய்ப் பசையாகப் போகும். நாளடைவில் கணையம் சுருங்கி இன்சுலினும் குறையும். இரண்டு உத்தியோகமும் போய்விடும். 1959-இல் இந்தோனேசியாவில் சூய்டெமா என்ற மருத்துவர் இத்தகைய நோயாளிகளை விவரித்திருந்தார். ஆனால் கேரளத்தில் பெரும் எண்ணிக்கையில் கண்டு, 1968-இல் தனி நூலாகவே எழுதியவர் கீவர்கீஸ்.

காரணம் என்ன? முதலில் பழி விழுந்தது மரச்சீனியின் தலையில். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா ஊக்குவித்த பயிர் அது. இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது எத்தனையோ குடும்பங்களுக்கு உயிர் கொடுத்ததும் அதுதான். அந்தக் கிழங்கில் சயனைடு தரும் பொருள் உண்டு. அதுவே கணையத்தைக் கெடுக்கிறதோ என்று 1979-இல் மக்மில்லனும் கீவர்கீஸும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள்.

நியாயமான சந்தேகம்தான். ஆனால் சோதனையில் நிற்கவில்லை. கிழங்கையே முக்கிய உணவாகக் கொண்ட தான்சானியா கிராமங்களில் சர்க்கரை நோய் அதிகமில்லை என்று 1992-இல் வெளியான ஆய்வு காட்டியது. சென்னையில் எலிகளுக்கு நெடுநாள் கிழங்கு கொடுத்துப் பார்த்தபோதும் இந்நோய் வரவில்லை. கிழங்கே தின்னாதவர்களுக்கும் நோய் வந்தது. பின்னர், 2002-ஐ ஒட்டி வந்த இந்திய ஆய்வுகளில், முன்பு சொன்ன காவல் புரதத்தின் மரபணுவில் பல நோயாளிகளுக்கு மாற்றம் இருப்பது தெரிந்தது. அது ஒன்றே முழுக் காரணமும் அல்ல. அந்த மாற்றம் இருந்தும் நோயில்லாதவர்கள் உண்டு. மரபும் சூழலும் சேர்ந்தே நோயை உண்டாக்குகின்றன என்பதே இன்றைய கருத்து.

"சார், கிழங்கு தின்னா சுகர் வருமாமே?" என்று என்னிடம் இன்றும் கேட்கிறார்கள். கிழங்கில் மாவுச்சத்து அதிகம். சர்க்கரை உள்ளவர்கள் அளவு பார்த்துத்தான் சாப்பிட வேண்டும். ஆனால் கணையத்தில் கல் வருவதற்கு அதைக் குற்றவாளியாக்க ஆதாரமில்லை. தோலைச் சீவி, துண்டாக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரை வடித்துக் கொட்டும் நம் பாட்டிமாரின் வழக்கம் சயனைடைப் பெருமளவு நீக்குகிறது. கூட மீன் சேர்ப்பதும் நல்லதே. மிச்ச சயனைடை உடல் மாற்றி வெளியேற்றக் கந்தகம் வேண்டும். அது புரதத்திலிருந்து கிடைக்கிறது. 1963-இல் ஸ்ரீகாரியத்தில் அமைந்த மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் புதிய ரகங்களை உருவாக்கி வருகிறது. அவற்றில் ஒன்றுக்கு 'ஸ்ரீ விசாகம்' என்றே பெயர்.

அந்தப் பழைய கொடிய வடிவம் கேரளத்தில் இப்போது குறைந்திருக்கிறது. இன்று மதுவும் புகையும் கணையத்தைக் கெடுக்கின்றன. ஆகவே நான் வலியுறுத்துவது ஒன்றே. பிள்ளை அடிக்கடி வயித்து வலி என்றால், "ஸ்கூலுக்குப் போக மடி" என்றோ, "கேஸ் டிரபிள்தான்" என்றோ தள்ளிவிடாதீர்கள். மேல்வயிற்றில் தோன்றி முதுகுக்குப் பரவும் வலி, முன்னால் குனிந்தால் கொஞ்சம் குறையும் வலி, எடை குறைதல், எண்ணெய்ப் பசையுள்ள மலம் இவை கண்டால் ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கல்லை உடைக்கவும் எடுக்கவும் இன்று வழியுண்டு. உணவோடு எடுத்துக்கொள்ள நொதி மாத்திரைகள் உண்டு, இன்சுலினும் உண்டு. கீவர்கீஸ் கண்ட அந்த இளைஞர்களில் பலருக்கு வாய்க்காத நீண்ட ஆயுள், நேரத்தோடு கண்டறியப்பட்டால் இன்றைய நோயாளிக்கு வாய்க்கும்.

நோய் இன்னதென்று பார்த்து, அதன் முதற்காரணத்தையும் தேடச் சொன்னார் வள்ளுவர். இந்நகரத்து மருத்துவர்கள் தொடங்கிய தேடல் இன்னும் முடியவில்லை. அதுவரை, பாவம், கிழங்கை விட்டுவிடுவோம், வலியை விட்டுவிடாதிருப்போம்.