தடித்த சாய்வெழுத்து

தண்டையார்பேட்டைச் சாலைகளில் எண்ணெய் லாரிகள் இடையறாது செல்லும். அவற்றின்மீது எழுதப்பெறும் எச்சரிக்கை தொலைவிலிருந்தே கண்ணிற் படுதல் வேண்டும். அதற்கு உதவும் எழுத்துவகைகளுள் ஒன்று தடித்த சாய்வெழுத்து. அதன் கோடுகள் பருத்திருக்கும். வலப்புறம் சாய்ந்து, விரைந்து செல்வது போன்ற தோற்றம் தரும். முனைகளில் சிறு குறுக்குக்கோடுகள் இரா.

இதன் கூறுகள் மேனாட்டு அச்சுக்கலையில் வெவ்வேறு காலத்தில் தோன்றியவை. சாய்வெழுத்து வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூசியஸ் அச்சகத்தில் 1500-ஆம் ஆண்டளவில் பிறந்தது. முனைக்கோடற்ற அச்செழுத்தை இலண்டனில் நான்காம் வில்லியம் காஸ்லன் 1816-இல் வெளியிட்டார். எழுத்தாணியால் ஓலையிற் கீறிய தமிழெழுத்துக்கோ அம்முனைக்கோடு வேண்டியிருந்ததில்லை.

ஆயினும், தடிப்பு அளவு கடந்தால் எழுத்தின் உள்வெளி அடைபடும். மேல்விலங்கின் சுழி மறைந்தால் 'தீ' என்பது 'தி' எனத் தோன்றும். எச்சரிக்கை பயனற்றுப் போகும். ஆதலின், இவ்வெழுத்தைத் தலைப்புக்கும் சில சொல் அறிவிப்புக்கும் சுழி கெடாமல் அமைத்தல் வேண்டும். நெடிய உரைக்கு இது பொருந்தாது. பொலிவினும் தெளிவே எழுத்திற்கு முதன்மை.