மின்சாரக் கார் லாபமா? எக்ஸெல்லில் கணக்குப் போடுங்கள்

மின்சாரக் காருக்குப் பெட்ரோல் செலவு இல்லை. அரசுக் கட்டணம் உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸில் 2023 செப்டம்பர் முதல், புதுக் காருக்கு முதல் இரண்டாண்டுக்குச் சேர்த்து 400 டாலர், பிறகு ஆண்டுக்கு 200 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும். பெட்ரோல் வரிக்கு ஈடாம்!

ஈடுதானா? எக்ஸெல்லைத் திறந்து, ஏ1 செல்லில் ஆண்டுக்கு ஓடும் மைல் 12000, ஏ2-வில் காலனுக்கு 30 மைல், ஏ3-ல் மாநில வரி 0.20 டாலர் எனக் கொடுங்கள். ஏ4-ல் =ஏ1/ஏ2*ஏ3 என ஆங்கில எழுத்தில் டைப் செய்து என்டர் தட்டினால் 80 வரும். மின்சாரக் காருக்கோ 200! ஆண்டுக்கு 30,000 மைல் ஓட்டினால்தான் சமம்.

காலன் 3 டாலர், மின்சாரம் யூனிட் 15 சென்ட், யூனிட்டுக்கு 3 மைல் என்றால் எரிபொருளில் மிச்சம் 600. கட்டணம் போக 400. மத்திய அரசின் 7,500 டாலர் வரிச் சலுகையும் 2025 செப்டம்பர் 30-உடன் முடிந்துவிட்டது. கார் 4,000 டாலர் விலை கூடுதலா? அதை எடுக்கப் பத்தாண்டு ஆகும்.