கூம்புச் சுரப்பியும் இரவும்

மூளையின் நடுவண் அமைந்த சிறியதோர் உறுப்பு, பினியல் எனப்படும் கூம்புச் சுரப்பியாம். பிரெஞ்சுத் தத்துவ நூலாராகிய தெக்கார்த் என்பார், 1649-இல் வெளிவந்த தம் நூலில், உயிரின் தலைமை இருக்கை இதுவே என்றனர். பிற்கால உடல்நூலார் அதனை ஏற்றிலர். 1958-இல் லெர்னரும் அவர்தம் துணைவரும் மாட்டின் கூம்புச் சுரப்பியினின்று மெலடோனின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தபின், இவ்வுறுப்பின் உண்மைத் தொழில் விளங்கலாயிற்று.

எலியின் கூம்புச் சுரப்பியில் உள்ள உயிரணுக்கள் பகலில் செரோடோனின் என்னும் பொருளை மிகுதியாகக் கொண்டிருக்கும். இரவு வந்துழி, அதனை மெலடோனினாகத் திரிப்பதற்கு முதற்படி செய்யும் நொதி பன்மடங்கு பெருகும், செரோடோனின் குறையும், மெலடோனின் மிகும். விடியலில் இவை மீண்டும் பழைய நிலை எய்தும்.

ஒளி இன்மையே இம்மாற்றத்திற்குக் காரணம் எனின், அற்றன்று. என்னை? எலியை இடையறா இருளில் வைப்பினும், ஏறத்தாழ 24 மணி நேரத்திற்கு ஒருமுறை இம்மாற்றம் நிகழ்தலின் என்க. அற்றேல், அச்சுரப்பி தானே காலத்தை அளக்குமோ எனின், பாலூட்டிகளில் அதுவுமன்று. விழிநரம்புகள் குறுக்கிடும் இடத்தின்மேல் உள்ள இரு சிறு நரம்பணுத் தொகுதிகளே காலத்தை அளப்பன. அவற்றின் ஏவல் தண்டுவடத்தின் வழியே இறங்கிக் கழுத்திலுள்ள நரம்புமுடிச்சை அடைந்து, மீண்டும் மேலேறிச் சுரப்பியைச் சாரும். ஆண்டு நரம்பு முனைகள் இரவில் நார்எபிநெப்ரினை உகுக்க, உயிரணுக்கள் தொழிற்படும். அந்நரம்பு அறுபடின் இவ்வேறுபாடு ஒழியும். நள்ளிரவில் கண்ணின்வழி ஒளி புகினும், பெருகிய நொதி சில நிமிடங்களிலேயே பாதியாகக் குறையும்.

மெலடோனின் உறக்கம் தருவதோர் பொருளேயாம் என்பாரும் உளர். இரவில் விழித்து இரைதேடும் எலிக்கும் அஃது இரவிலேயே மிகுதலின், அது பொருந்தாது. அஃது இரவின் அறிகுறியேயன்றி உறக்கத்தின் அறிகுறியன்று. இரவு நீளின் அது சுரக்கும் பொழுதும் நீளும். அதனால் பருவமும் உடலுக்குப் புலனாகும். பகற்பொழுது மிகக் குறுகியவழி ஆண் ஹாம்ஸ்டரின் விதைகள் சுருங்குதலையும், கூம்புச் சுரப்பியை நீக்கியவழி அவை சுருங்காமையையும் ஹாப்மனும் ரெய்ட்டரும் 1965-இல் காட்டினர்.

ஆகவே உடலைப் பொறுத்தவரை, இரவு என்பது ஒளியின் இன்மை மாத்திரையன்று. உள்ளே நாள்தோறும் ஆக்கப்படும் ஒரு செய்கையுமாம். அச்செய்கைக்கு இடமாகிய சுரப்பியோ, ஒளியைக் காண்பதுமன்று, காலத்தை அளப்பதுமன்று. அறிவிக்க அறிந்து அதனைப் பிற உறுப்புகட்கு உணர்த்துவதேயாம்.